குஞ்சக்காவிடம் காசு கேட்ட பதினாறு வயசுப் பொடியன்: பொலிசுக்குப் போறதா, விடுறதா?

கடைக்காரன்_பரந்தன் | வெள்ளி, இரவு 9.40

பரந்தனில் எனக்கொரு சின்னக் கடை. போன் திருத்துவது, ரீலோட், போட்டோக் கொப்பி. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பொடியன் வந்து ஸ்ரூலில் இருப்பான். வயது 16. தகப்பன் இல்லை, தாய் கார்மென்ற்சுக்குப் போகிறா. நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் கூகுள் பூட்டு விழுந்த, அதாவது பழைய கூகுள் கணக்கின் பஸ்வேர்ட் இல்லாமல் திறக்காத போன் ஒன்றோடு நான் மல்லுக்கட்ட, "அண்ணை, இஞ்ச தாங்கோ" என்று வாங்கி நாலு நிமிசத்தில் திறந்து தந்தான். அன்றையிலிருந்து அவனுக்குத் தேத்தண்ணியும் வடையும் என் கணக்கு.

போன கிழமை நடந்தது இது. எங்கள் ஊர் ரியூசன் மாஸ்டர் ஒருவருக்கு முகநூலில் ஒரு தகவல். சின்னப்பிள்ளைகளின் சேலைக்கட்டுப் போட்டியாம், மருமகளுக்கு ஒரு வாக்குப் போடட்டாம். அமத்தினால் முகநூலுக்குள் போகிற பக்கம் மாதிரியே ஒன்று வந்தது. மாஸ்டர் மின்னஞ்சலையும் பஸ்வேர்டையும் அடித்தார். அன்றிரவே அவர் பெயரில் வெளிநாட்டில் உள்ள 14 பேருக்கு மெசேஜ் போயிருக்கிறது. ஆசுப்பத்திரியில் நிற்கிறன், அவசரம், இந்தக் கணக்குக்குப் போட்டுவிடுங்கோ, நாளைக்குத் தாறன். சுவிசில் இருக்கும் ஒருவர் யோசிக்காமல் அறுபதினாயிரம் போட்டுவிட்டார்.

பிடிபட்டது கனடாவில். மாஸ்டரின் ஒன்றுவிட்ட தமக்கைக்குப் போன மெசேஜில் "அக்கா" என்று இருந்தது. மாஸ்டர் கதைக்கத் தொடங்கின நாளிலிருந்து அவவைக் "குஞ்சக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவ திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "அம்மாவின்ர சிவலைப் பசு கண்டு போட்டிட்டுதோ?" மறுமொழி உடனே வந்தது: "ஓம் அக்கா, போட்டிட்டுது." அந்தப் பசு செத்து மூன்று வருசம்.

சரி, இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை கடை லப்டொப்பைத் திறந்தால் மூடாமல் விட்ட ஒரு பக்கம். இரண்டு நிரல். ஒன்றில் மின்னஞ்சல், மற்றதில் பஸ்வேர்ட். 31 பேர். ஆறாவது பெயர் மாஸ்டர். பத்தொன்பதாவது என் மனைவி.

பொடியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. ரெலிகிராமில் ஒரு "அண்ணா" அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தாராம். கணக்கு இலக்கமும் அவர் தந்ததுதானாம். இவனுக்குப் பங்கு பத்தாயிரம், இன்னும் வரவில்லை. செய்த பிழையை விட, அந்தப் பத்தாயிரம் வராத கவலைதான் முகத்தில் கூடத் தெரிந்தது.

இப்போது சொல்லுங்கள். பொலிசுக்குப் போவதா, தாயிடம் சொல்லிவிட்டு விடுவதா?

வயல்காரன் | வெள்ளி, இரவு 9.58

இதில் யோசிக்க என்ன இருக்கு? என்ர வாழைக்குலையை இரவில் வெட்டினவனைப் பிடிச்சால் பொலிசில்தான் குடுப்பன். போனால் களவெடுத்தால் மட்டும் அவன் விஞ்ஞானியோ?

மல்லாவியான்_லண்டன் | வெள்ளி, இரவு 11.15

அண்ணை, நான் இங்கே கணினிப் பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன். வயல்காரன் ஐயா கோபத்தில் சொன்னாலும் ஒரு விசயம் சரி. விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. உலகத்தில் பெரிதாகப் பேசப்பட்ட "சின்னப் பொடியன்" வழக்குகளில் பல இப்படித்தான்.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாஹூ, ஈபே, அமேசன், சி.என்.என். தளங்கள் எல்லாம் முடங்கி விழுந்தன. செய்தவன் மொன்றியலில் ஒரு 15 வயதுப் பள்ளிக்கூடப் பொடியன், "மாஃபியாபோய்" என்று பெயர் வைத்திருந்தான். வேறு யாரோ எழுதின கருவியை ஓடவிட்டதுதான் அவன் செய்த பெரிய வேலை. 2015இல் இங்கே டோக்டோக் என்ற தொலைபேசிக் கம்பனியிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரம் போனது. அந்த வழக்கில் அகப்பட்ட ஒருவன் நோர்விச்சில் 17 வயதுப் பொடியன். கூட்டாளிகளுக்குக் காட்டத்தான் செய்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னான். அவன் கண்ட ஓட்டை பத்து வருசத்துக்கு மேலாக எல்லாருக்கும் தெரிந்த வகை. அதை அடைக்காமல் வைத்திருந்த கம்பனிக்கு 4 இலட்சம் பவுண் தண்டம்.

2020 ஜூலையில் ஒபாமா, பில் கேற்ஸ், ஈலோன் மஸ்க் எல்லாரின் ருவிற்றர் கணக்கிலும் "பிட்கொயின் அனுப்பு, இரட்டிப்பாய்த் தாறன்" என்று வந்ததே, ஞாபகம் இருக்கா? அதை நடத்தினவன் புளோரிடாவில் 17 வயதுப் பொடியன். கம்பனி வேலையாட்களுக்குப் போன் எடுத்து, ஏய்த்து, அவர்களின் பஸ்வேர்டை வாங்கித்தான் உள்ளே போனார்கள். அங்கே கம்பனிக்காரன் ஏமாந்தான், இங்கே மாஸ்டர் ஏமாந்தார். கருவி வேறு, வித்தை ஒன்று.

சட்டக்கோப்பு_வவுனியா | சனி, காலை 6.50

கடைக்கார அண்ணை, தாயிடம் சொல்வது வேறு, சட்டம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எங்கள் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு இன்னொருவரின் கணினிக்குள்ளோ அதில் உள்ள தகவலுக்குள்ளோ நுழைந்தால், ஒரு சதம் எடுக்காவிட்டாலும் அது குற்றம். ஐந்து வருசம் வரை மறியல் போகலாம். இவன் நுழைந்ததும் இல்லாமல் காசும் கேட்டிருக்கிறான். 16 வயது என்பது விலக்கு இல்லை. சிறுவர் என்றபடியால் நடத்துகிற விதம் வேறாக இருக்கும், நன்னடத்தை அலுவலர் வருவார், அவ்வளவுதான்.

2016 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் போய், ஏ.எல். எனப்படும் உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்தான் ஒருவன். பிடிபட்டவன் கடுகண்ணாவைப் பக்கம் 17 வயது மாணவன். புத்தாண்டு மாதத்தில் சோதனை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நானும் அந்தச் செய்தியை வாசித்துச் சிரித்தவன்தான். ஆனால் கைது கைதுதான்.

முள்ளியவளை_ரீச்சர் | சனி, காலை 8.20

நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். அந்த ஜனாதிபதித் தளக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு வருசமும்.

அதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். எங்கள் சனத்துக்கு அடைத்து வைத்ததைத் திறக்கிறவன் மேல் ஒரு மரியாதை. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள் நாங்கள். இல்லாததை வைத்துச் சமாளிக்கிறவன் கெட்டிக்காரன். என் அப்பாவும் அப்படித்தான், அதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் டைனமோ எங்கள் சொந்தச் சைக்கிளின் டைனமோ.

கடைக்கார அண்ணை கோபிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் பூட்டு விழுந்த போன்களைத் திறக்கிறீர்களே, அவை எல்லாம் யாருடைய போன்?

கடைக்காரன்_பரந்தன் | சனி, காலை 8.41

மறந்துபோன சனத்துடையதும் இருக்கு ரீச்சர்.

முள்ளியவளை_ரீச்சர் | சனி, காலை 8.44

மற்றது?

கடைக்காரன்_பரந்தன் | சனி, காலை 9.30

பில் இல்லாமல் வருவதும் உண்டு. நான் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பொடியன் பக்கத்தில்தான் இருந்தான், நான் கேட்காததை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நேற்றிரவு இதை எழுதும்போதே மனதில் வந்தது. எழுதவில்லை.

வயல்காரன் | சனி, காலை 9.52

கடைக்காரன் உண்மையைச் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. வாழைக்குலையை வாங்கின சந்தை வியாபாரியும் கேக்கிறேல்லத்தான்.

பூச்சியம்ஒன்று | சனி, பகல் 12.05

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன், வயது 21. இந்த இழையில் பொடியனுக்குக் கிட்டின வயசுக்காரன் நான்தான் போல. அவன் பக்கம் கொஞ்சம் கதைக்கிறேன்.

எனக்கு 15 வயதில் ஒரு இடத்தின் வைஃபை பஸ்வேர்ட் கிடைத்தது. உடைத்து எடுக்கவில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டின ஸ்ரிக்கரில் இருந்ததையே அவர்கள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை நான் வகுப்பில் ராசா. பின்வாங்கில் இருக்கிற பெரிய பெடியள் எல்லாம் "மச்சான்" என்று தோளில் கை போட்டார்கள். கணிதத்தில் 90 எடுத்த நாளில் ஒருத்தரும் போடாத கை அது. அந்த ஒரு நாளுக்காக நான் பிறகு என்னென்ன செய்ய நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

காசு பிறகுதான் வரும். முதலில் விளையாட்டு. பப்ஜி விளையாட்டில் வெல்ல ஏமாற்றுக் கருவி தேடிப் போவான், அது ரெலிகிராம் குழுவில் கிடைக்கும். அந்தக் குழுவிலேயே பொய்ப் பக்கம் செய்யும் கருவியும் இருக்கும், திருடின கணக்குகளும் விலைக்கு இருக்கும். ஒரே தெருவில் மூன்று கடை. 2016இல் அமெரிக்காவில் பல பெரிய தளங்களைத் திணற வைத்த மிராய் என்ற கெட்ட நிரலையும் எழுதினவர்கள் இருபது வயதளவில் இருந்த பொடியள். தொடக்கம் மைன்கிராஃப்ற் விளையாட்டுச் சேர்வர்களில் ஆளை ஆள் விழுத்துகிற போட்டி.

ஆனால் மறுபக்கமும் இருக்கு. சந்தியாகோ லோபஸ் என்ற ஆர்ஜென்ரீனாப் பொடியன் இணையத்தில் தானாகப் படித்து, கம்பனிகளின் ஓட்டைகளைக் கண்டு அவர்களுக்கே அறிவித்து, 2019இல் 19 வயதில் 10 இலட்சம் டொலர் பரிசுக் காசைத் தாண்டினான். ஹக்கர்வண் என்ற தளத்தின் வழியாக. களவு இல்லை.

வயல்காரன் | சனி, பகல் 12.31

ஓட்டையைக் காட்டினால் காசு தருவினமோ? என்ர வேலியில நிறைய இருக்கு, வந்து காட்டு தம்பி.

சட்டக்கோப்பு_வவுனியா | சனி, பகல் 1.10

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பூச்சியம்ஒன்று தம்பி சொன்னதில் ஒரு முக்கியமான இடம் விடுபட்டுப் போச்சு. அந்தக் கம்பனிகள் "இன்ன இன்ன இடத்தைச் சோதிக்கலாம்" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். அந்த அனுமதி இல்லாமல், நல்ல எண்ணத்தோடே என்றாலும், கிளிநொச்சியில் இருக்கிற ஒரு கந்தோரின் தளத்துக்குள் போய் "ஐயா உங்கட கதவு திறந்து கிடக்கு" என்று சொன்னால் 2007ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் மேல்தான் பாயும். எந்தப் பொடியனுக்கும் இதை முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

பூச்சியம்ஒன்று | சனி, பகல் 1.18

ஓம் அண்ணா, அது சரி. எழுத மறந்துவிட்டேன்.

நெடுங்கேணி_அம்மா | சனி, பின்னேரம் 4.00

எனக்கு ஹக் எல்லாம் விளங்காது பிள்ளைகள். எனக்குப் பயம் அந்த ரெலிகிராம் "அண்ணா"வில்தான். அவன் ஆர்?

என் தங்கச்சியின் மகன் ரெண்டாயிரத்து இருபத்துமூன்றில் தாய்லாந்துக்குப் போக நின்றான். கொம்பியூட்டரில் ரைப் அடிக்கிற வேலை, மாதம் ஆயிரம் டொலர் எண்டு ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னது. காசு சேராததால் போகவில்லை. அடுத்த வருசம் செய்தியில் பார்த்தால் மியன்மாரில் மியாவாடி எண்ட இடத்தில் எங்கட நாட்டுப் பிள்ளைகளை அடைத்து வைத்து, இணையத்தில் பொய்க் காதல் செய்து ஆக்களிட்டைக் காசு பறிக்க வைக்கினமாம். செய்யாட்டி அடியாம், கரண்ட் ஷொக்காம். தாய்லாந்து வேலை எண்டு கூட்டிக்கொண்டு போய் எல்லை தாண்ட வைத்தவையாம். அரசாங்கம் கதைச்சுக் கொஞ்சப் பேரை மீட்டது.

அப்ப கேக்கிறன், குஞ்சக்காவுக்கு மெசேஜ் எழுதினது ஒரு பொடியன். அவனுக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல இன்னொருத்தன் இருக்கான் தானே. எங்கட பிள்ளையளைப் பிடிச்சுக் குடுத்துப்போட்டு மேல இருக்கிறவனை விட்டால் சரியோ?

மல்லாவியான்_லண்டன் | சனி, இரவு 7.25

அம்மா கேட்டதுதான் இந்த இழையில் சரியான கேள்வி.

இந்த வியாபாரத்தில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவன் பொய்ப் பக்கம் செய்வான். ஒருவன் தூண்டில் போடுவான், அது பரந்தன் பொடியன். ஒருவன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுப்பான். காசு அந்தக் கணக்கில் விழுந்த சில நிமிசத்தில் எடுத்து, கிரிப்டோ என்ற இணையக் காசாக மாற்றிவிடுவார்கள். பொலிஸ் தேடினால் முதலில் கிடைப்பது கணக்கின் சொந்தக்காரன், அடுத்தது தூண்டில்காரன். மேலே இருப்பவனின் உண்மையான பெயர் இவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. சின்ன வயதுக்காரரை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள் என்று இப்போது விளங்கும். மலிவு, கேள்வி கேட்க மாட்டார்கள், பங்கு கொடுக்காவிட்டாலும் ஒருத்தரிடமும் போய் முறையிட முடியாது. பொடியனுக்கு அந்தப் பத்தாயிரம் வரப்போவதில்லை.

கடைக்கார அண்ணை, அந்தக் கணக்கு யாருடையது என்று பார்த்தீர்களா?

குஞ்சக்கா கதையை வாசித்ததும் எனக்கு வங்காளதேச மத்திய வங்கிக் கொள்ளைதான் ஞாபகம் வந்தது. 2016 பெப்ரவரி. கிட்டத்தட்ட நூறு கோடி டொலருக்குப் பொய்க் கட்டளை அனுப்பினார்கள். 8 கோடி 10 இலட்சம் பிலிப்பைன்சுக்குப் போனது. 2 கோடி இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் கணக்குக்கென்று வந்தது. "பவுண்டேசன்" என்பதை ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த வங்கி, இது என்ன என்று திருப்பிக் கேட்டது. எங்கள் நாட்டுக்கு வந்த 2 கோடியும் திரும்பிப் போனது. நூறு கோடிக் களவில் ஒரு எழுத்துப் பிழை, பரந்தன் களவில் ஒரு "குஞ்சு".

கடைக்காரன்_பரந்தன் | சனி, இரவு 8.02

கணக்கு வவுனியாப் பக்கம் படிக்கிற ஒரு பிள்ளையின் பெயரில் இருக்கு. மாஸ்டர் யாரையோ பிடித்துப் பேசிப் பார்த்தார். அந்தப் பிள்ளை ஏ.ரி.எம். கார்டையும் சிம்மையும் எண்ணாயிரத்துக்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கையை விட்டுவிட்டதாம். வங்கியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அழுதிருக்கிறது.

முள்ளியவளை_ரீச்சர் | சனி, இரவு 8.30

எண்ணாயிரம். ஒரு தவணை ரியூசன் காசு.

எல்லாருக்கும் உடனே பிரயோசனமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 31 பேரும் இன்றிரவே பஸ்வேர்டை மாற்ற வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு இலக்கமும் கேட்கிற முறையைப் போட வேண்டும். அதே பஸ்வேர்ட் மின்னஞ்சலுக்கும் இருந்தால் முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் திறப்பும் அங்கேதான் கிடக்கிறது. போனுக்கு வருகிற ஓ.ரி.பி. என்ற ஒருமுறை இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். இலங்கைக் கணினி அவசர தயார்நிலை அணிக்கு 101 என்று எடுக்கலாம். காசு போயிருந்தால் முதல் போன் உங்கள் வங்கிக்கு.

அண்ணை, அந்தப் பக்கத்தை அழித்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், மேலே உள்ள முகவரியும் தெரிய வேண்டும்.

கடைக்காரன்_பரந்தன் | செவ்வாய், இரவு 10.10

கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

31 பேரில் 27 பேருக்கு நானே போன் எடுத்தேன். நாலு பேரின் இலக்கம் கிடைக்கவில்லை, மெசேஜ் போட்டிருக்கிறேன். "உங்கட பஸ்வேர்ட் எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால் சனம் போனை வைத்துவிடுகிறது. பத்தாவது ஆளுக்குப் பிறகுதான் எப்படித் தொடங்குவது என்று பழகினேன். ஒன்பது பேருடைய பஸ்வேர்ட் பிள்ளையின் பெயரும் பிறந்த வருசமும். என் மனைவியுடையதும் அதுதான். மாற்றிவிட்டா, எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயின் வீட்டுக்குப் போனோம், மாஸ்டரும் வந்தார். மனிசி ஒரு சொல் பேசவில்லை. உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. சுவிஸ்காரருக்குக் கொடுக்கச் சொல்லி. மாஸ்டர் அதைத் தொடவில்லை. பொடியன் அப்போதுதான் அழுதான், அதுவரை இல்லை.

திங்கள் பொலிசில் முறைப்பாடு போட்டோம். மாஸ்டரும் நானும் பொடியனும் தாயும், நாலு பேருமாய்ப் போய். எங்கள் இடத்துப் பொலிசுக்கு இது புதுசு, எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்றே அரை மணித்தியாலம் பார்த்தார்கள். பொடியன் தன் போனைத் தானே கொடுத்தான், ரெலிகிராம் அண்ணாவோடு கதைத்தது எல்லாம் அதில் இருக்கு. அந்த அண்ணா ஞாயிறு இரவே கணக்கை மூடிக்கொண்டு போய்விட்டார். நன்னடத்தை அலுவலர் வருவார் என்றார்கள்.

குஞ்சக்கா நேற்று வாட்ஸ்அப்பில் எடுத்தா. "அந்தப் பொடியனைக் கதைக்கச் சொல்லு" என்றா. போனைக் கொடுத்தேன். "உனக்கு நான் என்ன முறை எண்டு தெரியுமோ?" என்று கேட்டா. கொஞ்சம் யோசித்துவிட்டு "அன்ரி" என்றான். அவ சிரித்துவிட்டா. பிறகு நல்லாய் ஏசினா, பன்னிரண்டு நிமிசம், நான் மணி பார்த்தேன்.

கடையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பூட்டுத் திறக்க வருகிற போனின் இலக்கம், கொண்டுவந்த ஆளின் அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. இன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் அடுத்த கடைக்குப் போனார்.

வயல்காரன் | செவ்வாய், இரவு 10.26

அந்த மூண்டாவது ஆளை எனக்குத் தெரியும் எண்டு நினைக்கிறன். சிவப்பு மோட்டார் சைக்கிளோ?

முள்ளியவளை_ரீச்சர் | செவ்வாய், இரவு 10.40

சனிக்கிழமைகளில் 2 மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளோடு ஒரு வகுப்பு வைக்கிறேன். லினக்ஸ், வலையமைப்பு, கொஞ்சம் பைதன். காசு இல்லை. பூச்சியம்ஒன்று தம்பி மாதத்தில் ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஓட்டை பிடிக்கிற பாடத்தை அவர் பார்த்துக்கொள்வார், எங்கள் சொந்தக் கணினியில் நாங்களே வைத்த ஓட்டையில். நன்னடத்தை அலுவலர் சம்மதித்தால் பொடியனை அனுப்புங்கள். பரந்தனிலிருந்து பஸ் இரண்டு மாற வேண்டும்.

கடைக்காரன்_பரந்தன் | செவ்வாய், இரவு 10.52

நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறேன் ரீச்சர். லப்டொப் கொண்டு வர வேணுமோ? கடை லப்டொப் இப்போது பொலிசில் இருக்கு.